ஃபைல் மேனேஜரில் பிழை திருத்துவது: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடி, துனார் என்ற ஃபைல் மேனேஜரில் வரும் பிழைகளைத் தேடுகிறோம், எழுதி அனுப்புகிறோம், முடிந்தால் திருத்தவும் செய்கிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

துனார் என்றால் என்ன? அதை ஏன் பிடித்தீர்கள்?

லினக்ஸ் இயங்குதளத்தில் ஃபோல்டரைத் திறக்கவும், ஃபைலை நகர்த்தவும், பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் பயன்படும் செயலி. எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்போடு வருவது. 2007 ஜனவரியில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.4 பதிப்பில் பழைய ஃபைல் மேனேஜரை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். சி மொழியில், சன்னல், பொத்தான் எல்லாம் வரைந்து தரும் ஜிடிகே என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு எழுதியது. ஜிபிஎல் உரிமம் என்பதால் மூலக்குறியீட்டை யாரும் படிக்கலாம், மாற்றலாம்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச லேப்டாப் இங்கே பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கனமான டெஸ்க்டாப்பை அது தாங்காது, எக்ஸ்எஃப்சிஇயைத் தாங்கும். தினமும் கைபடுகிற செயலியில் உள்ள கோளாறுதானே கண்ணில் படும்? நாட்டிலஸ், டால்ஃபின், நீமோ என்று வேறு ஃபைல் மேனேஜர் வைத்திருப்பவர்களும் தாராளமாக வரலாம். வேலை ஒன்றுதான், புகார் போய்ச் சேரும் இடம் மட்டும் வேறு. துனாருக்கு எக்ஸ்எஃப்சிஇயின் கிட்லேப், நாட்டிலஸுக்கு குனோம் டெஸ்க்டாப்பின் கிட்லேப், டால்ஃபினுக்கு கேடிஇ டெஸ்க்டாப்பின் பக்சில்லா.

எனக்கு புரோகிராமிங் தெரியாது. நான் வந்து என்ன செய்ய?

அதிகம் தேவைப்படுவது நீங்கள்தான். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை.

"துனார் ஹேங் ஆகிறது" என்று ஒரு வரி வந்தால், எங்கோ இருந்து ஓய்வு நேரத்தில் இதைப் பராமரிக்கும் ஒருவரால் ஒன்றுமே செய்ய முடியாது. அவர் கணினியில் அது ஹேங் ஆகவில்லை. அவருக்கு வேண்டியது, அந்தக் கோளாறைத் தன் மேசையில் திரும்ப வரவழைக்கும் வழி. எந்த லினக்ஸ், துனாரின் எந்தப் பதிப்பு, வட்டு எந்த வடிவத்தில் ஃபார்மேட் செய்யப்பட்டது, முதலில் எதைச் சொடுக்கினீர்கள், அடுத்து எதை, என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது. எல்லாத் தடவையும் வருகிறதா, எப்போதாவதா என்பதும் முக்கியம். பிறகு கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதிலும் செய்து பாருங்கள். அங்கே வரவில்லை என்றால் உங்கள் பழைய அமைப்புகளில் ஏதோ இருக்கிறது. அந்த ஒரு தகவலே தேடுகிறவருக்குப் பாதி நாளை மிச்சப்படுத்தும்.

எங்களில் மார்த்தாண்டத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு வரி கோட் எழுதியதில்லை. கோளாறு வந்த ஃபோல்டரில் இருப்பதைப் பாதி பாதியாக வேறு இடத்துக்கு மாற்றி மாற்றித் திறந்து பார்த்து, கடைசியில் அரைகுறையாகப் பதிவான ஒரே ஒரு வீடியோ ஃபைலில் கொண்டுபோய் நிறுத்துவார். அந்த ஒரு ஃபைலைக் கொடுத்துவிட்டால் மிச்ச வேலை எளிது. எங்கள் கூட்டத்தில் கோட் எழுதத் தெரிந்த பையன்கள் பலர் உண்டு. இந்தப் பொறுமை உள்ளவர்கள் குறைவு.

பிழை துனாரில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பல நேரம் அங்கே இருக்காது. ஃபைல் மேனேஜர் என்பது முன்னால் நிற்கும் முகம், பின்னால் வேலை செய்வது வேறு ஆட்கள். படங்களின் சிறு உருவத்தைத் தயாரிப்பது டம்ப்ளர் என்ற தனிச் செயலி. மேலே சொன்ன உடைந்த வீடியோவில் மாட்டிக்கொண்டு சிபியுவைத் தின்றது அதுதான், துனார் அல்ல. போனையும் நெட்வொர்க் ஃபோல்டரையும் திறந்து கொடுப்பது ஜிவிஎஃப்எஸ். பென்டிரைவை இணைப்பது யுடிஸ்க்ஸ். அதற்கும் கீழே லினக்ஸின் மையக்கருவான கெர்னல்.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. அதே வேலையை டெர்மினலிலும் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் சன்னல்) வேறொரு ஃபைல் மேனேஜரிலும் செய்து பாருங்கள். மூன்றிலும் வந்தால் கோளாறு கீழே இருக்கிறது. துனாரில் மட்டும் வந்தால் எழுத ஆரம்பிக்கலாம். தவறான இடத்தில் புகார் போட்டால் யாரும் திட்ட மாட்டார்கள், சரியான இடத்தைக் காட்டுவார்கள். ஆனால் அதற்குள் ஒரு மாதம் போயிருக்கும்.

பென்டிரைவில் காப்பி முடிந்தது என்று காட்டுகிறது. எடுத்து டிவியில் சொருகினால் படம் பாதியில் நிற்கிறது. இது பிழைதானே?

வாரம் தவறாமல் வரும் கேள்வி. காப்பி செய்யும்போது லினக்ஸ் தரவை முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக வட்டில் எழுதும். இப்படி எழுதாமல் நிற்கும் தரவு, பயன்படுத்தத் தக்க நினைவகத்தில் 20 சதவீதம் வரை சேரலாம் என்பது கெர்னலின் வழக்கமான அமைப்பு. ராம் அதிகமுள்ள கணினியில் ஒரு முழுப் படமே அங்கே அடங்கிவிடும். ராமுக்குப் போனதைப் பார்த்து துனார் "முடிந்தது" என்கிறது. மலிவான பென்டிரைவில் எழுதுவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

பக்கவாட்டில் இருக்கும் எஜெக்ட் குறியை அழுத்தி, எடுக்கலாம் என்ற அறிவிப்பு வந்த பிறகு எடுங்கள். கோளாறு கெர்னலின் நடத்தையில் இருந்தாலும், உண்மை நிலையைப் பயனருக்குச் சொல்வது ஃபைல் மேனேஜரின் கடமை என்பது எங்கள் கருத்து.

கல்யாண வீடியோ 6 ஜிபி. பென்டிரைவில் 30 ஜிபி காலி. ஏறவில்லையே?

பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், 2020-ல் வந்த கெர்னல் 5.7-லிருந்து அதற்கு நல்ல டிரைவர் உள்ளேயே இருக்கிறது. உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள், ஃபார்மேட் செய்தால் எல்லாம் போய்விடும்.

அழித்தேன், ஆனாலும் பென்டிரைவில் இடம் கூடவில்லை.

அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும், அந்தத் தொட்டியும் அதே பென்டிரைவில்தான் இருக்கிறது. புள்ளியில் தொடங்கும், பெயரில் ட்ராஷ் என்றும் உங்கள் பயனர் எண்ணும் வரும் மறைவான ஃபோல்டர் அது. குப்பையைக் காலி செய்தால் இடம் வந்துவிடும். லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் எல்லாம் பின்பற்றும் பொது விதி இது, பிழை அல்ல.

தமிழில் பெயர் வைத்தால் "பெயர் மிக நீளம்" என்கிறது. 255 எழுத்து வரை வைக்கலாம் என்று படித்தேனே?

இங்கேதான் நம் வேலை தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

லினக்ஸில் எல்லை 255 எழுத்து அல்ல, 255 பைட். எழுத்துகளை பைட்டாக மாற்றிச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். அதோடு நமக்கு ஒரு எழுத்தாகத் தெரியும் 'னி' கணினிக்கு ன, இகரக் குறி என்று இரண்டு. 'கன்னியாகுமரி' நமக்கு 7 எழுத்து, கணினிக்கு 12 குறியீடு, 36 பைட். ஆகத் தமிழில் 85 குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் கணக்கு வேறு. அங்கே எல்லை 255 யுடிஎஃப்-16 அலகு, தமிழ்க் குறியீடு ஒன்று ஓர் அலகுதான். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், ஊர், தேதி என்று நீட்டி வைத்த ஆல்பம் விண்டோஸில் நிம்மதியாக இருந்துவிட்டு, லினக்ஸுக்கு வரும்போது வாசலில் நிற்பது இதனால்தான்.

எல்லையை நாம் மாற்ற முடியாது. ஆனால் எல்லையைத் தொடும்போது ஃபைல் மேனேஜர் எப்படி நடந்துகொள்கிறது என்பது முழுக்க அதன் பொறுப்பு. இருநூறு ஃபைல் காப்பி ஆகும்போது ஒன்று நீளமாக இருந்தால் மற்றவற்றைத் தொடர்கிறதா? எந்த ஃபைல் என்று பெயர் சொல்கிறதா? மொத்தமாகப் பெயர் மாற்றும் கருவியில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஒட்டைச் சேர்த்தால், எல்லையைத் தாண்டுவதை முன்கூட்டியே காட்டுகிறதா, பாதி மாற்றிவிட்டு நிற்கிறதா? அதே ஃபோல்டரில் நகல் எடுக்கும்போது பெயரோடு சேரும் ஒட்டு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டிருந்தால், அதுவும் மும்மூன்று பைட்டாகச் சேரும். ஆங்கிலத்தில் ஃபைல் பெயர் வைக்கிறவர் வாழ்நாள் முழுக்க இந்தச் சுவரில் முட்ட மாட்டார். முட்டாத ஒருவர் இதற்குச் சோதனை எழுதி வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

'நாகர்கோவில்' என்று ஒரே இடத்தில் இரண்டு ஃபோல்டர் இருக்கிறது. எப்படி?

கண்ணுக்குத்தான் ஒன்று. 'கோ'வின் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது முன்னால் நிற்கும் ஏகாரக் குறி, பின்னால் வரும் கால் என இரண்டாக. முதல் வகையில் நாகர்கோவில் 33 பைட், இரண்டாம் வகையில் 36. இரண்டும் சமம் என்கிறது யூனிகோடு விதி. லினக்ஸ் கெர்னலோ வழக்கமாக ஃபைல் பெயரை வெறும் பைட் வரிசையாகத்தான் பார்க்கும், அதற்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்.

நம் விசைப்பலகைகளில் பொதுவாக ஒரே குறியீடுதான் வரும். மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டில் சேமித்த பெயர்கள் பிரிந்த வடிவில் இருக்கும். அந்த வட்டிலிருந்து ஒரு நகல், இங்கே தட்டச்சு செய்தது ஒன்று, ஆக இரட்டை. ஒகரமும் ஔகாரமும் இதே கதை. சோதனைக்கு நம் ஊர்ப் பெயர்களே போதும்: தோவாளை, கோட்டாறு, விளவங்கோடு. கொல்லங்கோட்டில் ஒகரம், ஓகாரம் இரண்டுமே உண்டு.

இரண்டையும் ஃபைல் மேனேஜர் தானாகவே ஒன்றாக்கிவிட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கேட்காமல் பெயரை மாற்றினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுத் தரவு போகும். தேடும்போது இரண்டும் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் நியாயமான கோரிக்கை.

தேடலில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் தலைமேல் வரும் குறிகளை நீக்கிவிட்டுத் தேடும் வசதியைப் பல செயலிகள் வைத்திருக்கின்றன. அவர்களுக்கு அது வசதி. ஆனால் "இடம் பிடிக்காத குறி" என்று யூனிகோடு வகைப்படுத்தியவற்றையெல்லாம் நீக்கு என்று ஒருவர் கோட் எழுதினால், தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் அந்த வகைக்குள் வந்து காணாமல் போகும். மற்ற உயிர்க்குறிகள் தப்பித்துவிடும். 'மீன்' என்பது 'மன' ஆகிவிடும். குளச்சலில் ஏலக் கணக்கு வைத்திருப்பவர் 'மீன்' என்று தேடினால் 'மன' வரும் ஃபைலெல்லாம் வந்து விழும். தேடல் தொடர்பான மாற்றம் எதை எடுத்தாலும் நாங்கள் முதலில் அடித்துப் பார்க்கும் சொல் 'மீன்'.

அகரவரிசையும் பாருங்கள். வெறும் குறியீட்டு எண்படி அடுக்கினால் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னால் வரும். நம் வரிசையில் அது கடைசி. இந்தக் கோளாறு தெரிந்தால் துனாரைக் குறை சொல்ல வேண்டாம். கணினியின் மொழி அமைப்பு தமிழில் இருக்கிறதா, ஜிலிப்சி நூலகத்தின் வரிசைத் தகவல் சரியா என்று பாருங்கள்.

மலையாளத்தில் பெயர் உள்ள ஃபைல்கள் நிறைய உண்டு. அவற்றையும் எடுத்துக்கொள்வீர்களா?

கண்டிப்பாக. 1956-ல் தமிழ்நாட்டோடு சேரும்வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து மலையாளத்திலேயே பெயர் வைத்திருக்கும் வீடுகள் விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஏராளம். ஒகர, ஓகாரச் சிக்கல் மலையாளத்திலும் அப்படியே உண்டு. கூடவே ஒரு தனிச் சிக்கல்: சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்க்கு மலையாளத்தில் உள்ள தனி வடிவம்) 2008-ல் வந்த யூனிகோடு 5.1-ல்தான் தனிக் குறியீடு கிடைத்தது. அதற்கு முன் மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். இந்த இரண்டு வடிவமும் சமம் என்று யூனிகோடு சொல்லவில்லை. அதனால் தமிழ் 'கோ'வைச் சரிசெய்யும் வழி இங்கே உதவாது. மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்களிடம் குறைவு, தெரிந்தவர்கள் வந்தால் பெரிய உதவி.

புகாரை ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும்? எனக்கு வராதே.

தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம். அங்கே இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. சின்னச் சின்ன வாக்கியம், படிக்கு ஒரு வரி, ஒரு ஸ்கிரீன்ஷாட், போதும். தமிழ்ப் பெயர் சம்பந்தப்பட்டது என்றால் அந்தப் பெயரைத் தமிழிலேயே ஒட்டி, பக்கத்தில் அதன் குறியீட்டு எண்களையும் கொடுத்துவிடுங்கள். எழுத்து தெரியாதவரும் அதைத் தன் கணினியில் அப்படியே உருவாக்க முடியும்.

செயலி திடீரென்று மூடிக்கொள்கிறது. எதை அனுப்ப?

பேக்ட்ரேஸ். மூடிக்கொண்ட நொடியில் நிரல் எந்தச் செயற்கூற்றில் நின்றது, அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்ற பட்டியல். செயற்கூறுகளின் பெயரைக் காட்ட உதவும் டீபக் தகவல் பொதிகளை நிறுவாமல் எடுத்தால் வெறும் கேள்விக்குறிகள்தான் வரும். இன்னொன்று: துனார் பின்னணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், புதிதாகத் திறப்பதும் அதற்குள்ளேயே போய்விடும். அதை முழுக்க நிறுத்திவிட்டு டீபகர் (பேக்ட்ரேஸ் எடுத்துத் தரும் கருவி) வழியாகத் தொடங்குங்கள்.

அனுப்பும் முன் ஒருமுறை படியுங்கள். ஃபோல்டர் பாதையில் வாடிக்கையாளர் பெயரோ, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்ற சொல்லோ இருக்கலாம். புகார்ப் பதிவேடு உலகத்துக்கே திறந்தது.

போன பதிப்பில் சரியாக இருந்தது, இதில் கெட்டுவிட்டது. எந்த மாற்றம் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், இந்த வேலையிலேயே சுவாரசியமானது அதுதான். மூலக்குறியீட்டில் செய்த மாற்றங்களையெல்லாம் வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில், கிட் பைசெக்ட் என்று ஒரு கட்டளை. நல்ல பதிப்பு இது, கெட்ட பதிப்பு இது என்று சொன்னால் நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். கட்டமைத்து ஓட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் சந்தேகம் பாதியாகும். ஆயிரம் மாற்றங்களுக்குள் ஒளிந்திருந்தாலும் பத்துப் படியில் பிடித்துவிடலாம். கோட் புரிய வேண்டிய அவசியமே இல்லை. முழு வரலாற்றையும் இறக்கியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மழை நாளில் நெட் இழுக்காத ஊர்க்காரர்கள் எங்களிடமிருந்து பென்டிரைவில் வாங்கிக்கொள்ளலாம் (எஜெக்ட் செய்துதான் தருவோம்).

திருத்தி அனுப்பினால் உடனே ஏற்றுக்கொள்வார்களா?

பெரும்பாலும் முதல் தடவையில் இல்லை. இடைவெளி சரியில்லை, மாறிக்குப் பெயர் மாற்று, இந்த இரண்டு திருத்தங்களைத் தனித்தனியாக அனுப்பு என்று பதில் வரும். கல்லூரிப் பையன்கள் இதில் மனம் உடைந்துவிடுகிறார்கள். மக்கா, அது உன்னைப் பற்றியதில்லை. நீ எழுதிய வரியை இன்னும் பல வருஷம் அவர்தான் சுமக்க வேண்டும், கேட்கத்தான் செய்வார். ஒரு பேட்சில் (திருத்தத்தை அனுப்பும் ஃபைல்) ஒரு திருத்தம், ஏன் என்று விளக்கும் நாலு வரி, அதற்கான புகாரின் எண். இவ்வளவு இருந்தால் சீக்கிரம் நகரும்.

சும்மா இருக்கிற கோட்டை "அழகுபடுத்தி" அனுப்ப வேண்டாம். எண்ணிக்கை காட்டுவதற்காகச் செய்வது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எவ்வளவு நாள் ஆகும்?

சில நேரம் ஒரு நாள். சில நேரம் வருடக்கணக்கு. ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் ஜிடிகே சன்னலில் படங்களைச் சிறு உருவமாகப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை 2004-ல் பதிவானது. அந்த வசதியோடு ஜிடிகே 4.10 வெளிவந்தது 2023 மார்ச்சில். யாரும் சோம்பேறிகள் இல்லை. அதற்கு அடியில் இருந்த பட்டியல் கருவிகளையே புதிதாக எழுத வேண்டியிருந்தது.

திருத்தியாகிவிட்டது என்கிறார்கள், என் கணினியில் இன்னும் அப்படியே இருக்கிறதே?

திருத்தம் மூலக்குறியீட்டில் சேர்ந்திருக்கும், உங்கள் லினக்ஸ் அதை இன்னும் எடுத்திருக்காது. டெபியன் என்ற லினக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 2023-ல் வந்த டெபியன் 12-ல் துனார் 4.18, 2025-ல் வந்த டெபியன் 13-ல் 4.20. இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்பு, கடுமையான கோளாறு தவிர மற்ற மாற்றங்களை டெபியன் நிலைப் பதிப்பு பொதுவாகச் சேர்க்காது. பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

இதில் சம்பளம், சான்றிதழ் ஏதாவது உண்டா?

எங்களிடம் இரண்டும் இல்லை. கூகுளின் சம்மர் ஆஃப் கோட் திட்டம் 2005 முதல் நடக்கிறது, தேர்வானால் உதவித்தொகை உண்டு. குனோம், கேடிஇ இரண்டும் அதில் பங்கெடுத்திருக்கின்றன. வேலைக்குப் போகும்போது காட்ட உங்கள் பெயரில் ஏற்கப்பட்ட பேட்ச் இருந்தால், அதை யாரும் திறந்து படித்துப் பார்க்கலாம்.

ஞாயிறு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

லேப்டாப், சார்ஜர், கோளாறு வரும் ஃபைலின் நகல். மூல ஃபைலை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள், இங்கே சோதனை செய்யும்போது எதுவும் அழியலாம். லேப்டாப் இல்லாதவர்கள் முன்கூட்டிச் சொன்னால் ஒன்று ஏற்பாடு செய்வோம். ஒரு வாரம் நாகர்கோவில், மறு வாரம் மார்த்தாண்டம். சாயாவும் ஏத்தன்பழ பஜ்ஜியும் எங்கள் செலவு.